ரேஸ் கார்டைப் பிரித்துப் படிப்பது: ஒரு ஹேண்டிகேப் ரேஸின் கணக்குத் தாள்

ஏழு ரேஸ் உள்ள கார்டு (அன்றைய ரேஸ்களையும் குதிரைகளையும் பட்டியலிடும் தாள்) கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை குதிரையைத் தேடுவதல்ல. எந்தெந்த ரேஸைத் தொடாமல் விடுவது என்று முடிவுசெய்வது. ஒரு ரேஸை முறையாகப் படிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். ஏழையும் படிக்க உட்கார்ந்தால் நான்காவதைத் தாண்டும்போதே கை தானாகப் பிரபல ஜாக்கியின் பெயருக்கு நேரே டிக் அடிக்க ஆரம்பித்துவிடும். இரண்டு அல்லது மூன்று ரேஸ், அவற்றில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரி, கடைசியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். வேலை இவ்வளவுதான். தாள், பென்சில், கால்குலேட்டர் போதும். எக்ஸெல் இருந்தால் வசதி.

எதையெல்லாம் விடுவது? பாதிக் குதிரைகள் முதல்முறையாக ஓடும் மெய்டன் ரேஸ் (இதுவரை ஜெயிக்காத குதிரைகளுக்கானது): எடைபோட எதுவுமே இல்லை. பதினாறு, பதினெட்டு குதிரைகள் பாயும் 5 ஃபர்லாங் ஸ்பிரிண்ட்: கேட் திறந்ததும் ஒரு குதிரை அரை நொடி தாமதித்தாலே அதுவரை போட்ட கணக்கு வீண். முக்கால்வாசிக் குதிரைகள் நீண்ட ஓய்வுக்குப் பின் திரும்பும் ரேஸும் வேண்டாம். அன்று மழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால், தரை எப்படி மாறும் என்று தெரியும்வரை எல்லா ரேஸையும் ஓரமாக வையுங்கள். எடுத்துக்கொள்ளத் தோதானது எட்டு முதல் பன்னிரண்டு குதிரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது நான்கைந்து முறை ஓடியவை, தூரம் 6 முதல் 10 ஃபர்லாங். ஒரு ஃபர்லாங் 201 மீட்டர். எட்டு சேர்ந்தால் ஒரு மைல்.

ஃபார்ம் எண்களைப் பிரிப்பது

குதிரையின் பெயருக்கு முன்னால் 40-2131 என்பதுபோல், முந்தைய ஓட்டங்களில் அது பிடித்த இடங்களைக் காட்டும் ஓர் எண்வரிசை இருக்கும். பிரிட்டன், அயர்லாந்து கார்டுகளில் வலக்கோடியில் இருப்பதே கடைசி ஓட்டம். பூஜ்யம் என்றால் பத்தாம் இடம் அல்லது அதற்கும் பின்னால். சிறு கோடு ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கியதைக் காட்டும். மற்ற நாட்டுக் கார்டுகளில் திசையே மாறலாம். எனவே புதுக் கார்டு எதையும் எடுத்தவுடன் குறி விளக்கத்தைப் படித்துவிட வேண்டும். திசையை மாற்றிப் படித்தால் சரிந்துகொண்டிருக்கும் குதிரை முன்னேறுவதுபோல் தெரியும்.

இந்த எண்கள் வெறும் இடத்தை மட்டும் சொல்கின்றன. பலமான ரேஸில் இரண்டு லெங்த்தில் (லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) தோற்ற ஐந்தாம் இடம், பலவீனமான ரேஸின் முதலிடத்தைவிடப் பெரிது. அதனால் எண்வரிசையைத் தாளில் எழுதவே வேண்டாம். ஒவ்வொரு குதிரைக்கும் இன்றைய ரேஸோடு பொருந்தும் மூன்று ஓட்டங்களை எடுங்கள். அவை கடைசி மூன்றாக இருக்க வேண்டியதில்லை. தூரம் ஒரு ஃபர்லாங்குக்கு மேல் மாறாமல், தரை அதே வகையாக, ஆறு மாதத்துக்குள் நடந்ததாக இருந்தால் போதும். 12 ஃபர்லாங்கில் தோற்ற குதிரை இன்று 7-இல் இறங்கினால் அந்தத் தோல்வி எதையும் சொல்லாது. அதேபோல் ஒரே ஒரு மோசமான ஓட்டத்துக்குக் காரணம் வெளிப்படையாக இருந்தால், கேட்டில் முரண்டு பிடித்தது, சேணம் நழுவியது போன்றவை, அதை நீக்கிவிட்டு முந்தையதை எடுக்கலாம். இரண்டு ஓட்டங்களுக்குக் காரணம் தேட வேண்டியிருந்தால் குதிரையின் தரமே அதுதான்.

எடையும் இடைவெளியும்

எடுத்துக்காட்டாக 1400 மீட்டர் ஹேண்டிகேப் ஒன்று, ஒன்பது குதிரைகள் என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டிகேப் என்பது திறமைக்கேற்பக் குதிரைகளுக்கு வெவ்வேறு எடை ஏற்றும் ரேஸ். அதில் எடை போடுபவர் எல்லாக் குதிரைகளையும் சமப்படுத்தத்தான் பார்த்திருக்கிறார். அவர் வேலையை மறுபடி செய்ய வேண்டாம். எல்லாருக்கும் பூஜ்யத்தில் தொடங்கி, அவர் கணக்கு எங்கே பிசகியிருக்கலாம் என்பதைக் கிலோவில் கூட்டிக் கழித்தால் போதும்.

இதற்கு ஒரு மாற்று விகிதம் வேண்டும். எடை போடும் ஹேண்டிகேப்பர்கள் வழக்கமாகக் கையாளும் அளவு சுமாராக இப்படி இருக்கும்: 5 ஃபர்லாங்கில் ஒரு லெங்த் 3 பவுண்டு, ஒரு மைலில் 2 பவுண்டு, 12 ஃபர்லாங்கில் ஒன்றரை, இரண்டு மைலில் ஒரு பவுண்டு. தூரம் கூடக்கூட ஒரே எடை அதிக இடைவெளியை உண்டாக்கும் என்பதே இதன் அடிப்படை. ஒரு பவுண்டு 0.45 கிலோ. 7 ஃபர்லாங்கில் ஒரு லெங்த் ஏறக்குறைய ஒரு கிலோவுக்குச் சமம் என்பதால் 1400 மீட்டர் ரேஸைப் படிப்பது பழகுவதற்கு எளிது.

1ஆம் எண் குதிரையும் 3ஆம் எண் குதிரையும் முன்பு ஒருமுறை சந்தித்திருக்கின்றன. அப்போது 1 சுமந்தது 55 கிலோ, ஜெயித்தது. 3 சுமந்தது 58 கிலோ, மூன்று லெங்த்தில் தோற்றது. இன்று 1 மீது 57.5, 3 மீது 55.5. அன்று 3 மூன்று கிலோ கூடுதலாகச் சுமந்தது, இன்று இரண்டு கிலோ குறைவாகச் சுமக்கிறது. மொத்த மாற்றம் 5 கிலோ. அதில் தோற்ற மூன்று லெங்த்துக்கு 3 கிலோ கழித்தால், தாளின்படி 3 இரண்டு கிலோ முன்னால் நிற்கிறது.

பலர் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுவார்கள். ஓட்டத்தின் வீடியோவைப் பார்க்காமல் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. ஜாக்கி கடைசி ஐம்பது மீட்டரில் கடிவாளத்தைத் தளர்த்தி, திரும்பிப் பார்த்துக்கொண்டே ஜெயித்திருந்தால் மூன்று லெங்த் என்பது உண்மையில் நான்கோ ஐந்தோ. எதிர்ப்பக்கமும் உண்டு. ஜெயிக்க வாய்ப்பில்லை என்று தெரிந்ததும் ஜாக்கி தோற்ற குதிரையை விரட்டாமல் விட்டிருந்தால், பத்து லெங்த் தோல்வி அவ்வளவு மோசமானதல்ல. ஆறு லெங்த்துக்கு மேலான தோல்விகளை எட்டு, பத்து என்று அப்படியே எழுதுவதால் பயன் குறைவு. ஆறு என்று நிறுத்திக்கொள்ளலாம். எடுத்துக்காட்டில் 1 சுலபமாக ஜெயித்தது தெரிகிறது, எனவே அதற்கு 1.5 கிலோ கூட்டல்.

எடையில் கவனிக்க இன்னும் சில உண்டு. ஹேண்டிகேப்பின் குறைந்தபட்ச எடை 50 கிலோ, குதிரையின் ரேட்டிங்படி (அதன் திறமைக்குத் தரப்படும் மதிப்பெண்) அதற்கு வரவேண்டியது 47.5 என்றால், அது இரண்டரைக் கிலோவை வீணாகச் சுமக்கிறது; நேரடியாகக் கழியுங்கள். எடை அறிவித்தபின் ஒரு குதிரை ஜெயித்திருந்தால் பெனால்டி எனும் கூடுதல் எடை மட்டும் ஏறும், ரேட்டிங் உயர்வு பிறகுதான் வரும். பெனால்டி 3 கிலோ, உயர்வு 4.5 ஆகலாம் என்று மதிப்பிட்டால், இன்று அதற்கு 1.5 லாபம். பந்தயத்தில் கையில் கிடைக்கும் மிகத் தெளிவான சாதகங்களில் இதுவும் ஒன்று. அப்ரென்டிஸ், அதாவது பயிற்சி நிலையில் உள்ள, ஜாக்கிக்கான எடைத் தள்ளுபடி பிரிட்டனில் அவர் ஜெயித்த எண்ணிக்கையைப் பொறுத்து 7, 5, 3 பவுண்டு. தள்ளுபடியை முழுதாகச் சேர்க்க வேண்டாம், பாதி போதும். நெருக்கடியில் அனுபவக் குறைவு மீதியைத் தின்றுவிடும்.

வளைவில் இழந்த மீட்டர்கள்

வீடியோவில் அவசியம் பார்க்க வேண்டியது வளைவில் குதிரை எந்தத் தடத்தில் ஓடியது என்பது. அரைவட்ட வளைவில் உள்ரெயிலிலிருந்து (ட்ராக்கின் உள்பக்க வேலி) எத்தனை மீட்டர் விலகி ஓடுகிறதோ, அதை 3.14-ஆல் பெருக்கினால் கூடுதலாக ஓடிய தூரம் வரும். வளைவு பெரிதா சிறிதா என்பது பொருட்டில்லை. ரெயிலோடு ஒட்டி ஓடியதைவிட 2 மீட்டர் வெளியே, அதாவது மூன்றாவது தடத்தில் ஓடிய குதிரை 6.3 மீட்டர் அதிகம் ஓடியிருக்கிறது. ஒரு லெங்த் ஏறத்தாழ 2.4 மீட்டர். ஆக இரண்டரை லெங்த்துக்குச் சற்று மேல். எடுத்துக்காட்டில் 2ஆம் எண் நான்கு லெங்த்தில் தோற்றது இப்படித்தான். ஆனால் முழுதும் கூட்டிவிடக்கூடாது: வெளியே ஓடும் குதிரைக்கு முன்னால் அடைப்பு இல்லை, அதன் ஓட்டம் தடைபடுவதில்லை. பாதியை, சுமார் 1.3 லெங்த்தைக் கூட்டுவது நியாயம். வளைவு கால்வட்டம் மட்டும் என்றால் அதிலும் பாதி.

ரெயிலையே வெளியே தள்ளி வைக்கும் நாட்களில் இதே கணக்கு நேரத்தைத் திருத்த உதவும். புல் தேயாமல் இருக்க ரெயிலை 4 மீட்டர் நகர்த்தினால் அரைவட்டத்தில் 12.6 மீட்டர் கூடும். குதிரை நொடிக்குப் பதினாறு மீட்டர் ஓடினால் 0.8 நொடி. அன்றைய நேரங்கள் எல்லாமே மந்தமாகத் தெரியும். ரெயில் குறிப்பைப் பார்க்காமல் நேரத்தை ஒப்பிடுபவர்கள் நல்ல குதிரையை இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

வேகம், டிரா, தரை

ஒவ்வொரு குதிரையும் தொடக்கத்தில் எங்கே இருக்கும் என்று குறியுங்கள். கடைசி நான்கு ஓட்டங்களில் முதல் 400 மீட்டரில் முன்னணியில் இருந்தால் 4, முன்னணியை ஒட்டி இருந்தால் 3, நடுவில் 2, பின்னால் 1. சராசரி 3.5-க்கு மேல் உள்ளவை முன்னோடிகள். ஒரே ஒரு முன்னோடி என்றால் அதற்கு எதிர்ப்பே இல்லை. தன் இஷ்டத்துக்கு வேகத்தைக் குறைத்து, சக்தியை மிச்சம் வைத்துக் கடைசி 400-இல் பறக்கும். அதற்கு 1.5 கிலோ கூட்டல், சராசரி 1 வரும் குதிரைகளுக்கு 0.5 கழிவு. மூன்று முன்னோடிகள் இருந்தால் ஒன்றையொன்று இழுத்துச் சீக்கிரம் களைப்பாக்கும். அப்போது பின்னாலிருந்து வருபவர்களுக்குக் கூட்டுங்கள். எடுத்துக்காட்டில் 1 மட்டுமே முன்னோடி, 3 பின்னாலிருந்து வருவது. ஆக 1-க்கு மொத்தம் 3 கிலோ கூட்டல், 3-க்கு அரைக் கிலோ கழிவு. இரண்டு கிலோ பின்தங்கியிருந்த 1 இப்போது ஒன்றரைக் கிலோ முன்னால் வந்துவிட்டது. எடைக் கணக்கோடு நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது. காரணம், எடையில் வேகம் பற்றிய தகவல் எதுவும் இல்லை.

டிரா, அதாவது குதிரை கிளம்பும் கேட்டின் எண், பற்றிய நம்பிக்கைகளில் பாதி குறைந்த மாதிரிகளிலிருந்து பிறந்தவை. இங்கிலாந்தின் செஸ்டர் போல இறுக்கமாக வளையும் சிறிய ட்ராக்கில், குறுகிய தூரத்தில் உள்டிராவின் சாதகம் உண்மைதான், அங்கே தயங்காமல் கூட்டலாம். மற்ற இடங்களில் ஒரு சோதனை செய்யுங்கள். அதே தூரம், அதே வகைத் தரை, பத்துக்கு மேல் குதிரைகள் என முப்பது ரேஸ் எடுத்து, உள்பக்க மூன்றில் ஒரு பங்கு டிராவிலிருந்து எத்தனை ஜெயித்தன என்று எண்ணுங்கள். பாரபட்சமே இல்லாவிட்டாலும் சராசரியாகப் பத்து வரும், இரண்டரை கூடலாம் குறையலாம். பதின்மூன்று வந்தால் அது வெறும் தற்செயல். பதினாறு வந்தால் கவனிக்கத் தக்கது. அப்படியும் ஒரு கிலோவுக்கு மேல் கூட்ட வேண்டாம்.

தரைக்கு கார்டில் வரும் சொற்களைவிட அளவீடு நம்பகமானது. தரையின் இறுக்கத்தை அளக்கும் பெனட்ரோமீட்டர் போன்ற கருவியின் எண்ணை வெளியிடும் இடங்களில் அந்த எண்ணையே பதியுங்கள். ஒரு குதிரை ஈரத்தரையில் இருமுறை நன்றாக ஓடியிருந்தால் அதற்கு அது பிடிக்கும் என்று கொள்ளலாம், ஒரே முறை என்றால் தீர்மானிக்க வேண்டாம். குதிரைக்கு மாட்டும் சாதனங்கள் விஷயத்தில் ஒன்று மட்டும்: முதல்முறை பிளிங்கர்ஸ் (பக்கப் பார்வையை மறைக்கும் கண்மூடி) மாட்டினால் சில குதிரைகள் முன்னால் பாயும், சில மிரண்டு சீக்கிரம் களைக்கும். அதன் வேகக் குறியை ஒன்று உயர்த்திவிட்டு, முன்னோடிகளை மறுபடி எண்ணுங்கள்.

கிலோவிலிருந்து சதவீதம்

எல்லாம் கூட்டிக் கழித்தபின் முதலிடத்திலிருந்து ஒவ்வொரு குதிரையும் எத்தனை கிலோ பின்னால் என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டில் எண் வரிசைப்படி: 0, 0.5, 1.5, 2, 3, 4, 5, 6.5, 8. 1-இல் தொடங்கி, பின்தங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒருமுறை 0.8-ஆல் பெருக்கினால் ஒவ்வொன்றின் பங்கு கிடைக்கும்: 1, 0.894, 0.716, 0.640, 0.512, 0.410, 0.328, 0.234, 0.168. கூட்டுத்தொகை 4.902. ஒவ்வொரு பங்கையும் அதனால் வகுத்தால் 20.4, 18.2, 14.6, 13.1, 10.4, 8.4, 6.7, 4.8, 3.4 சதவீதம். இந்த 0.8 தொடங்குவதற்கான எண் மட்டுமே, பதிவு சேர்ந்தபின் மாறும்.

தாளில் முதலிடம் பெற்ற குதிரைக்கே ஐந்தில் ஒன்று. இந்த எண்ணைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். பொதுமக்களின் ஃபேவரிட்டே (அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை) சுமாராக மூன்றில் ஒருமுறைதான் ஜெயிக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது இயல்பானதே. தாள் 45 சதவீதம் என்று காட்டினால், ஏதோ ஒரு திருத்தத்தை இருமுறை கூட்டியிருக்கிறீர்கள். எடைக் கணக்கில் சேர்ந்த ஒன்றையே ஃபார்ம் என்ற பெயரில் மறுபடி சேர்ப்பது இதில் அடிக்கடி நேர்வது.

அடுத்து விலை. சந்தையில் கிடைக்கும் விலைகள் இப்படி: 3.5, 4.5, 9, 6.5, 9, 12, 13, 19, 26. அதாவது ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் கட்டியதும் சேர்த்துத் திரும்பும் தொகை. 100-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டினால் 113.5 வரும். நூறுக்கு மேல் உள்ள 13.5 பந்தயம் நடத்துபவரின் பங்கு. 3ஆம் எண்ணின் 11.1-ஐ 1.135-ஆல் வகுத்தால் சந்தையின் உண்மையான கணிப்பு 9.8 சதவீதம். தாள் 14.6 என்கிறது.

இங்கே தாளை மட்டும் நம்புவது ஆபத்து. குதிரையின் உடல்நிலை, காலைப் பயிற்சியில் அது ஓடிய விதம் என்று கார்டில் இல்லாத பலவும் விலையில் இருக்கின்றன. ஹாங்காங்கில் கணினி மாடல் வைத்துப் பெரும் அளவில் பந்தயம் கட்டிய பில் பென்டர், 1994இல் எழுதிய அறிக்கையில் இதைத்தான் வலியுறுத்தினார்: மாடலின் கணிப்பைப் பொதுமக்களின் விலையோடு சேர்த்தால்தான் அது பயன்படும். புதிதாகத் தொடங்குபவர் இரண்டின் சராசரியை எடுத்தால் போதும். 3ஆம் எண்ணுக்கு 12.2 சதவீதம், அதன் நியாய விலை 8.2. கிடைப்பது 9. சாதகம். 1ஆம் எண்ணுக்குச் சந்தை 25.2, தாள் 20.4, சராசரி 22.8, நியாய விலை 4.4, கிடைப்பது 3.5. பாதகம்.

ஜெயிக்க அதிக வாய்ப்புள்ள குதிரை 1. பணம் கட்டத் தகுந்த குதிரை 3. இரண்டுக்கும் தாளில் தனித்தனிக் கட்டம் போடுங்கள். “யார் ஜெயிப்பார்?” என்று கேட்டால் 1 என்று சொல்லுங்கள், நான்கில் மூன்று முறைக்கு மேல் அது தோற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு கட்டுவது என்பதற்கு 1956இல் ஜான் கெல்லி தந்த சூத்திரம் உண்டு. எதிர்பார்க்கும் லாப விகிதத்தை, விலையில் ஒன்று கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 9 முறை 0.122 என்பது 1.098, லாபம் 0.098. அதை 8-ஆல் வகுத்தால் கையிருப்பில் 1.2 சதவீதம். நம் சதவீதமே மதிப்பீடுதான் என்பதால் அதில் கால் பங்கு, 0.3 சதவீதம், போதும். குறைந்தது நூறு குதிரைகளுக்காவது பணம் கட்டாமல் தாளில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ரேஸ் அன்று, அதற்குப் பிறகு

ஒரு குதிரை விலகினால் அதன் சதவீதத்தைக் கழித்து மற்றவற்றை மீதியால் வகுக்க வேண்டும். 2 விலகினால் 3-இன் 14.6-ஐ 0.818-ஆல் வகுக்க 17.8. ஆனால் விலைகளும் அப்போது குறைந்திருக்கும், பழைய விலையோடு ஒப்பிடாதீர்கள். விலகியது முன்னோடி என்றால் வகுத்தல் மட்டும் போதாது, வேகப் பகுதியை முழுதாக மறுபடி போட வேண்டும். ஒரே முன்னோடி விலகிய ரேஸை விட்டுவிடுவதே மேல்.

முடிவுகளைப் பதியும்போது ஜெயித்ததா தோற்றதா என்பதோடு, கொடுத்த சதவீதத்தையும் எழுதுங்கள். 20 சதவீதம் என்று குறித்த குதிரைகள் பத்துமுறை தொடர்ந்து தோற்க 10.7 சதவீத வாய்ப்பு உண்டு; 12 சதவீதக் குதிரைகள் இருபதுமுறை தொடர்ந்து தோற்க 7.8. இத்தகைய வரிசையைப் பார்த்து முறையை மாற்றினால் எதுவும் தேறாது. 20 சதவீதக் கூட்டத்தில் நூறு குதிரைகள் சேர்ந்தபின் அவற்றில் 16 முதல் 24 வரை ஜெயித்திருந்தால் அளவுகோல் சரி. 12தான் என்றால் முதலிடங்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள்: 0.8-ஐ 0.85 ஆக்குங்கள், எல்லாச் சதவீதங்களும் நெருங்கி வரும். 28 வந்தால் 0.75.

ரேஸ் முடிந்த அன்றே வீடியோவைப் பார்த்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு வரி எழுதிவிட வேண்டும்: கேட்டில் தாமதம், வளைவில் மூன்றாம் தடம், கடைசி 200-இல் வழி அடைபட்டது, ஜாக்கி விரட்டவில்லை. தோற்ற குதிரைக்கு மட்டும் எழுதினால் அது சாக்காகிவிடும். சுலபமாக ரெயிலோரம் வழி கிடைத்து ஜெயித்ததற்கும் அதே கண்ணோடு எழுதுங்கள். அடுத்த மாதம் அந்தக் குதிரையின் பெயர் கார்டில் வரும்போது, கூட்டவோ கழிக்கவோ வேண்டிய கிலோ அந்த வரியில் இருக்கும்.